குவாக்கமோலே: தீவில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு

குவாக்கமோலே, பெயர்ச்சொல். வெண்ணெய்ப்பழத்தின் சதையை உப்பு, பச்சை மிளகாய், வெங்காயம், தக்காளி, எலுமிச்சைச் சாறு சேர்த்து மசித்துச் செய்யும் மெக்சிகோ நாட்டுத் தொடுகறி. அடுப்பில் ஏற்றுவதில்லை. மக்காச்சோள வறுவலைத் தோய்த்துச் சாப்பிடலாம், மடித்த மக்காச்சோள ரொட்டியான டாக்கோவுக்குள் வைத்தும் சாப்பிடலாம்.

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தமிழ் கற்பிக்கும் எங்களுக்கு இந்தச் சொல் அடிக்கடி எதிர்ப்படுகிறது. தலைநகர் சேன்-தெனியில் மெக்சிகோ உணவகத்துக்கு மாணவர்களோடு போனால், மேசைக்கு முதலில் வருவது இந்தப் பச்சைக் கிண்ணம்தான். "ஐயா, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்ற கேள்வி உடனே வரும். நல்ல கேள்வி. பதில் சொல்லச் சொல்லின் பிறப்பிடத்துக்கே போக வேண்டும்.

சொல் பிறந்தது நாவாட்டல் மொழியில். ஸ்பானியர் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக் மக்கள் பேசிய மொழி அது. மெக்சிகோவில் இன்றும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அதைப் பேசுகிறார்கள். 'ஆவாக்கத்ல்' என்றால் வெண்ணெய்ப்பழம். 'மோல்லி' என்றால் குழம்பு, சாறு, தொடுகறி எல்லாம். இரண்டும் சேரும்போது முதற்சொல்லின் கடைசியில் உள்ள 'த்ல்' விழுந்து 'ஆவாக்கமோல்லி' ஆகும். மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் விழுகிறதே, அதே மாதிரிப் புணர்ச்சிதான். 1521இல் அஸ்தெக் தலைநகரைப் பிடித்த ஸ்பானியர்கள் 'வா' ஒலியைத் தங்கள் எழுத்தில் 'குவா' என்று எழுதினார்கள். அப்படித்தான் குவாக்கமோலே வந்தது. மெக்சிகோக்காரர் வாயில் இன்றும் முதல் எழுத்து 'வா'வுக்குப் பக்கத்தில்தான் ஒலிக்கும்.

இணையத்தில் இரண்டு தவறான விளக்கங்கள் சுற்றுகின்றன. 'மோலே' என்பது அரைத்தல் என்று பொருள்படும் ஸ்பானிய வினையிலிருந்து வந்தது என்பது ஒன்று. ஒலி ஒத்துப்போகிறதே தவிர உறவு இல்லை. மோல்லி ஸ்பானியர் வருமுன்பே இருந்த சொல். 'ஆவாக்கத்ல்' என்றாலே ஆணின் விரை என்று பொருள், பழத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது இன்னொன்று. உண்மை நேர்மாறு. பழத்தின் பெயர்தான் முதலில். உறுப்பை அப்படிச் சொன்னது பிற்பாடு வந்த பேச்சுவழக்கு.

ஆவாக்கத்ல் ஸ்பானியத்தில் அகுவாக்காத்தே ஆகி, ஒலி ஒற்றுமையால் வழக்கறிஞரைக் குறிக்கும் சொல்லோடு குழம்பி, பிரெஞ்சில் 'அவோக்கா' ஆனது. பிரெஞ்சில் இன்றும் பழத்துக்கும் வழக்கறிஞருக்கும் ஒரே சொல். பன்மையில் 'லேஸ் அவோக்கா' என்று சேர்த்துச் சொல்லும்போது வரும் ஸகரம் பழத்தோடு ஒட்டிக்கொள்ள, பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் அது 'ஸவோக்கா' ஆகிவிட்டது.

இங்கேதான் நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. மாணவி ஒருத்தி ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இது எங்கள் பாட்டி செய்யும் ருகாய் ஸவோக்காதானே?" என்றாள். ஆமாம், கிட்டத்தட்ட அதுதான். ரீயூனியன் வீடுகளில் ருகாய் என்பது பெரும்பாலும் சோறும் கறியும் பரிமாறும்போது ஓரத்தில் வைக்கும், வேக வைக்காத காரமான தொடுகறி. தக்காளி ருகாய், மாங்காய் ருகாய், வெண்ணெய்ப்பழ ருகாய் என்று பல உண்டு. அந்தப் பாட்டி வீட்டில் எரிமலைக் கல்லில் குடைந்த சின்ன உரல் ஒன்று இருக்கிறது. முதலில் மிளகாயும் உப்பும் அதில் நசுங்கும், பிறகு வெங்காயம், கடைசியில்தான் பழம். உரலை 'பிலோன்' என்கிறார்கள், குழவியை 'கலூ' என்கிறார்கள். நம் 'கல்' காதில் விழுகிறதா? மெக்சிகோவிலும் குவாக்கமோலேக்கு எரிமலைக் கல் உரல்தான். மூன்று கால் உள்ள அதன் பெயர் மோல்காஹேத்தே. மோல்லிக்கான கிண்ணம் என்று பொருள்.

ருகாய் என்பது நம் 'ஊறுகாய்'. முதல் உயிர் உதிர்ந்தது, மற்றது நின்றது. 1848இல் இங்கே அடிமைமுறை ஒழிந்த பிறகு புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏராளமான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் பலருக்கு இன்று தமிழ் பேச வராது. ஆனால் தீவில் எந்த இனத்தவர் வீட்டிலும் ருகாய் என்ற சொல் தினமும் புழங்குகிறது. எனக்கு இது பெரிய விஷயம். பொருள் மட்டும் இடம் மாறிவிட்டது: நாம் ஊற வைத்ததைச் சொன்னோம், இவர்கள் அப்போதைக்கப்போது செய்ததைச் சொல்கிறார்கள். ஊற வைத்ததற்கு இங்கே 'ஸஷார்' என்று வேறு சொல் உண்டு.

அதனால் குவாக்கமோலேயைத் தமிழில் ஊறுகாய் என்று எழுத முடியாது. வெட்டிய வெண்ணெய்ப்பழம் காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஊற வைக்க முடியாத பண்டத்தை ஊறுகாய் என்றால் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படிப்பவர் ஜாடியைத்தான் நினைப்பார். துவையல் என்றால் வறுத்து அரைத்தது நினைவுக்கு வரும். பச்சடி என்றால் தமிழ்நாட்டில் பலருக்குத் தயிர் வந்துவிடும். மீதி இருப்பது மசியல். கீரை மசியல், சேனை மசியல் இரண்டும் வெந்தவை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சொல் குறிப்பது மசிக்கும் செயலை. இங்கே நடப்பதும் அதுவே.

பழத்தின் பெயரிலும் கொஞ்சம் தேர்வு வேண்டும். 'ஆனைக்கொய்யா' என்ற பெயரும் வழக்கில் இருக்கிறது, கேட்க அழகாகவும் இருக்கிறது. ஆனால் இதற்கும் கொய்யாவுக்கும் உறவில்லை. தாவரவியலில் இது கருவாப்பட்டை மரத்தின் குடும்பம். சதையின் தன்மையைச் சொல்லும் வெண்ணெய்ப்பழம் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஆகவே தமிழில் எழுதும்போது வெண்ணெய்ப்பழ மசியல். உணவகத்தில் கேட்கும்போது குவாக்கமோலே என்றே கேளுங்கள். நாம் சாம்பாரை இன்னொருவர் பருப்புச் சாறு என்று மாற்றிச் சொல்வதை விரும்பமாட்டோம் அல்லவா, அந்த மரியாதை மெக்சிகோக்காரருக்கும் உண்டு. வீட்டில் கலூவால் இடித்துச் செய்தால் மட்டும் அது ருகாய் ஸவோக்கா. அகராதியில் அதற்குத் தனிப் பதிவு வேண்டும், மூலம் என்ற இடத்தில் 'தமிழ்: ஊறுகாய்' என்ற குறிப்போடு.