டயர் அளவும் தொப்பூர் இறக்கமும்

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கிறோம். அங்கே காரைக் கட்டுக்குள் வைப்பதில் என்ஜினுக்கும் பிரேக்குக்கும் மட்டுமல்ல, டயரின் விட்டத்துக்கும் பங்கு உண்டு. ஸ்பீடு பிரேக்கரில் காரின் அடிப்பகுதி தட்டுகிறது என்று பெரிய டயர் போட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த விட்டத்தைத்தான்.

டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது அகலம், மி.மீ. கணக்கில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது: 120 மி.மீ. சொச்சம். ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்நூல்கள் டயரின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேர்குறுக்காக ஓடும் வகை. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 381 மி.மீ. பக்கச் சுவர் மேலும் கீழுமாக இரண்டு முறை வரும். ஆக 381 + 240.5 = 621.5 மி.மீ. இதுதான் முழு விட்டம்.

ரிம்மை 16 அங்குலமாக்கி 195/55 போட்டால் 620.9 மி.மீ. வரும். 14 அங்குலத்தில் 165/80 போட்டால் 619.6. மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரம். ரிம் பெரிதாகும்போது பக்கச் சுவரைக் குறைத்து ஈடுகட்டுவதே முறையான மாற்றம். கம்பெனி விட்டத்திலிருந்து 2 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 3 சதவீதத்தைத் தாண்டவே கூடாது.

15 அங்குல ரிம்மிலேயே 205/65 ஏற்றினால் விட்டம் 647.5 மி.மீ. 4 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது. மீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் முன்பு இருந்ததைவிட 3 கி.மீ. அதிகம். இறக்கத்தில் அதே இரண்டாம் கியரில் என்ஜின் பிடிக்கும் பிடியும் அதே 4 சதவீதம் தளரும். பிரேக்குக்கும் அதே கதிதான்: கையில் பிடித்த கம்பு நீள நீள அதன் முனையில் தொங்கும் வாளி கனக்கிறதல்லவா, அது போல. இத்தனைக்கும் கார் எவ்வளவு உயர்ந்தது? விட்டத்தில் கூடிய 26 மி.மீ.யில் பாதி, வெறும் 13 மி.மீ.

எதிர்ப்பக்கத் தவறு, தோற்றத்துக்காக 17 அங்குல அலாய் ரிம் போடுவது. 205/45 ஆர்17 டயரின் விட்டம் 616 மி.மீ.; கணக்கு சரிதான். ஆனால் பக்கச் சுவர் 120-லிருந்து 92 மி.மீ. ஆகிவிடுகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு குழியில் இறங்கினால் அடியை வாங்க அந்தச் சுவருக்கு இடம் போதாது. ரிம் விளிம்புக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி உள்ளே நூல் அறும். மறுநாள் சுவரில் எலுமிச்சை அளவுக்குப் புடைப்பு தெரியும். அதற்கு ஒட்டு கிடையாது, டயரையே மாற்ற வேண்டும்.

விட்டம் ஒத்துவந்த பிறகு ரிம்மின் அகலம். 185/65 ஆர்15க்கு 5 முதல் 6.5 அங்குல அகல ரிம் ஆகும். 205/65க்குக் குறைந்தது 5.5 வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது பலூன் போல உப்பி, நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவில் வண்டி அலையும்.

போல்ட் வட்ட அளவு தெரியாமல் அலாய் வாங்க வேண்டாம். 4x100 என்றால் நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டத்தில். நடுத்துளையும் ஹப்பில் (சக்கரம் மாட்டும் அச்சு முனையில்) இறுக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்து, சரியான அளவு வளையம் போடாவிட்டால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் உதறும்.

பலரும் விட்டுவிடுவது ஆஃப்செட்: ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்ற அளவு. 5.5 அங்குல ரிம், ஆஃப்செட் 45 இருந்த இடத்தில் 6.5 அங்குலம், ஆஃப்செட் 35 போட்டால், அகலத்தால் வெளியே 12.7 மி.மீ., ஆஃப்செட்டால் 10, மொத்தம் 22.7 மி.மீ. சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். மட்கார்டில் உரசும், வீல் பேரிங்குக்கும் சுமை ஏறும்.

முதலில் பார்த்த 88எச்-இல், 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு; 82 என்றால் 475 கிலோதான். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரியிலிருந்து பின்சீட்டை மடக்கிக் கூடைகளை ஏற்றுபவர்கள் இந்த எண்ணைக் குறைக்கவே கூடாது. எச் என்பது அந்த டயர் மணிக்கு 210 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்பது, டி என்றால் 190. காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். காற்று குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். சித்திரை வெயிலில் டயர் வெடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

கடைக்காரர் சொல்லும் அளவை நீங்களே சரிபார்க்கலாம். டயரிலும் தரையிலும் ஒரே நேர்கோட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, காரை ஒரே ஒரு சுற்று உருட்டி, டேப்பால் அளக்கவும். பழைய டயருக்கு 1.9 மீட்டர் வந்தால், புதியதற்கு அதிலிருந்து 4 செ.மீ.க்கு மேல் விலகக் கூடாது.

மாட்டிய பிறகு ஐந்து பேரை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு கடைசி வரை திருப்பி, ஸ்பீடு பிரேக்கரில் மெல்ல ஏற்றி இறக்கவும். மட்கார்டுக்குள் பளபளவென்று தேய்ந்த தடம் தெரிந்தால் அந்த அளவு உங்கள் காருக்கு ஆகாது. நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி முடுக்கவும். ஸ்டெப்னியின் விட்டமும் ஓடும் நான்கோடு ஒத்திருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் வேறு வேகத்தில் சுற்றினால் ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும்.