ரைட் டு ஒர்க்: வேலை தராத ‘வேலை உரிமை’

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2023-ல் ஒரு சட்டத்தை நீக்கியது. அதன் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் செய்தித் தலைப்பு இப்படி வரும்: ‘வேலை உரிமைச் சட்டம் ரத்து; தொழிற்சங்கங்கள் கொண்டாட்டம்.’ படிப்பவருக்குத் தலை சுற்றும். வேலை உரிமை பறிபோனதற்கு எந்தச் சங்கக்காரராவது லட்டு கொடுப்பாரா?

குழப்பம் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. ‘ரைட் டு ஒர்க்’ என்ற தொடருக்கு ஊருக்கு ஒரு பொருள்.

மூத்த பொருள் ஐரோப்பாவில் பிறந்தது. 1848 புரட்சியின்போது பாரிஸ் தொழிலாளர்கள் ‘எங்களுக்கு வேலை கொடு, அது எங்கள் உரிமை’ என்று கேட்டார்கள். லூயி பிளாங் போன்றவர்கள் அதற்காக வாதாடினார்கள். அரசும் தேசியப் பட்டறைகளைத் திறந்து, சில மாதங்களிலேயே மூடியது. மூடியதும் தெருவில் ரத்தம் ஓடியது. அந்தக் கோரிக்கைதான் பிறகு 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 23-ஆம் பிரிவானது. இந்திய அரசமைப்பில் 41-ஆம் பிரிவாக, நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத வழிகாட்டு நெறியாக, உட்கார்ந்திருக்கிறது. நம் ஊரில் ‘நூறு நாள் வேலை’ என்று பெயர் பெற்ற 2005-ன் ஊரக வேலை உறுதிச் சட்டம் இந்த வழியில் வந்ததுதான். இந்தப் பொருளுக்கு ‘வேலை பெறும் உரிமை’ என்பது பொருத்தமான தமிழ்.

லண்டனில் இருக்கும் உறவினரைக் கேட்டால் வேறு சொல்வார். அங்கே வேலைக்குச் சேரும்போது ‘ரைட் டு ஒர்க் செக்’ உண்டு. பாஸ்போர்ட், விசா நிலை ஆகியவற்றைப் பார்த்து, இவர் இந்த நாட்டில் வேலை செய்யலாமா என்று முதலாளி சரிபார்ப்பது. அது ‘பணி அனுமதி’. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அமெரிக்கப் பொருள்தான் வில்லங்கம். அங்கே இப்போது 26 மாநிலங்களில் ‘ரைட் டு ஒர்க்’ சட்டம் இருக்கிறது. அதில் எவருக்கும் வேலை தரும் வரி ஒன்றுகூட இல்லை. சங்கப் பணம் தவிர வேறு காரணத்தால் வேலை போகாமல் காக்கும் வரியும் இல்லை. அது சொல்வது ஒன்றே ஒன்று: சங்கத்துக்குப் பணம் கட்டாதவரை வேலையிலிருந்து நீக்கும்படி நிர்வாகமும் சங்கமும் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளக் கூடாது.

இது ஏன் ஒரு பிரச்சினையாகிறது என்பது நமக்குச் சட்டென்று விளங்காது. நம் பேருந்துப் பணிமனையில் தொமுச இருக்கும், சிஐடியு இருக்கும், அண்ணா தொழிற்சங்கம் இருக்கும். அவரவர் சங்கத்துக்கு அவரவர் சந்தா. எதிலும் சேராதவருக்கும் ஊதிய ஒப்பந்தம் பொருந்தும். அமெரிக்காவில் அமைப்பே வேறு. 1935-ன் வாக்னர் சட்டப்படி ஒரு பணியிடத்தில் பெரும்பான்மை வாக்கு பெற்ற ஒரே சங்கம்தான் அங்குள்ள எல்லோருக்காகவும் பேசும். உறுப்பினர் ஆகாதவருக்காகவும் அதுவே பேச வேண்டும். அவருடைய குறைகளையும் நியாயமாக எடுத்துப் போராட வேண்டும். வக்கீல் செலவு உட்பட எல்லாம் சங்கத்தின் தலையில். ஆகவே ‘எல்லோருக்காகவும் பேசுகிறோம், எல்லோரும் செலவில் பங்கு கொடுங்கள்’ என்ற பிரிவைச் சங்கங்கள் ஒப்பந்தத்தில் சேர்த்தன.

இங்கே மூன்று துணைச் சொற்கள் வரும். மூன்றிலும் ‘ஷாப்’ உண்டு. அதைக் ‘கடை’ என்று எழுதிவிட வேண்டாம்; பட்டறை, பணியிடம் என்ற பழைய பொருளில் வருவது அது. ‘க்ளோஸ்டு ஷாப்’ என்றால் ஏற்கெனவே சங்கத்தில் இருப்பவரை மட்டுமே வேலைக்கு எடுப்பது. ‘யூனியன் ஷாப்’ என்றால் யாரையும் எடுக்கலாம், சேர்ந்தபின் சங்கத்தில் சேர வேண்டும். ‘ஏஜென்சி ஷாப்’ என்றால் சேர வேண்டாம், பேச்சுவார்த்தைச் செலவுக்கான பங்குத் தொகையை மட்டும் கட்டினால் போதும்.

1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் முதலாவதை ஒழித்தது. அதிபர் ட்ரூமன் கையெழுத்திட மறுத்தும் நாடாளுமன்றம் மீண்டும் வாக்களித்து நிறைவேற்றிய சட்டம் அது. அதன் 14-ஆம் பிரிவின் ‘பி’ உட்பிரிவு, மற்ற இரண்டையும் தடை செய்துகொள்ள மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. ரயில், விமானத் துறைகளுக்குத் தனிச் சட்டம் இருப்பதால் அவை இந்த வலையில் விழவில்லை.

பிறகு உச்ச நீதிமன்றம் எஞ்சியதையும் செதுக்கியது. 1963 தீர்ப்புப்படி ‘உறுப்பினர் ஆக வேண்டும்’ என்பதற்குப் ‘பணம் கட்ட வேண்டும்’ என்பதே பொருள். 1988 தீர்ப்புப்படி, உறுப்பினர் அல்லாதவர் மறுத்தால் அவரிடம் அரசியல் செலவுக்குக் காசு வாங்கக் கூடாது. ஆக, எந்த மாநிலத்திலும் யாரையும் முழு உறுப்பினராகக் கட்டாயப்படுத்த முடியாது. பேச்சுவார்த்தைச் செலவை எல்லோரிடமும் வசூலிக்கலாமா என்பது மட்டும்தான் இன்றைய வழக்கு. அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை அதுவும் 2018-ல் ஜேனஸ் தீர்ப்போடு முடிந்தது: நாடு முழுவதும் அவர்களிடம் கட்டாயமாக வாங்க முடியாது.

இவ்வளவு சின்ன சங்கதிக்கு இவ்வளவு பெரிய பெயரை யார் வைத்தது? 1941 செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, டெக்சாஸின் டாலஸ் மார்னிங் நியூஸ் நாளிதழில் வில்லியம் ரகிள்ஸ் எழுதிய தலையங்கத்திலிருந்து இந்தப் பெயர் பரவியது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் ஹூஸ்டனைச் சேர்ந்த வான்ஸ் மியூஸ். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் சமமாக உட்கார வேண்டிவரும் என்று பயமுறுத்தியே ஆதரவு திரட்டியவர் அவர். 1944-ல் ஃபுளோரிடாவும் ஆர்கன்சாவும் முதலில் ஏற்றன. மார்ட்டின் லூதர் கிங் 1961-ல் இந்தப் பெயரைப் போலி முழக்கம் என்றே கண்டித்தார்.

சங்கங்களும் சுத்தமான கைகளோடு நிற்கவில்லை. அதே 1944-ல் ஸ்டீல் வழக்கு தீர்ப்பானது. ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடும் கறுப்பினத் தொழிலாளர்களைத் தன்னுள் சேர்க்காத வெள்ளையர் சங்கம், அவர்களுடைய வேலையையே பறிக்கும் ஒப்பந்தத்துக்கு முயன்றது. எல்லோருக்காகவும் பேசும் அதிகாரம் வேண்டுமென்றால் எல்லோருக்கும் நியாயமாக நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் கண்டித்தது. ‘எனக்குப் பிடிக்காத சங்கத்துக்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?’ என்ற கேள்வியை அதனால் முதலாளிகளின் தந்திரம் என்று மட்டும் ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை.

சட்டத்தால் தொழிலாளிக்கு என்ன ஆனது? சங்கத்தின் பலத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. சட்டம் உள்ள வட கரோலினாவில் நூறு ஊழியரில் மூன்று பேர்கூடச் சங்கத்தில் இல்லை. சட்டம் இல்லாத நியூயார்க்கில் இருபது பேருக்கு மேல். சம்பளத்தில்தான் சண்டை. சங்கங்களின் பக்கம் சாயும் பொருளாதாரக் கொள்கை நிறுவனம், விலைவாசி வித்தியாசத்தைக் கழித்தபின்னும் இந்த மாநிலங்களில் கூலி சுமார் 3 சதவீதம் குறைவு என்று 2015-ல் கணக்கிட்டது. எதிர்த்தரப்பு அந்தக் கழித்தல் முறையே தவறு என்கிறது. தென் கரோலினாவில் பிஎம்டபிள்யூ, டென்னசியில் நிசான், அலபாமாவில் மெர்சிடிஸ் என்று வந்திறங்கிய ஆலைகளைக் காட்டுகிறது. அந்த ஆலைகள் இந்தச் சட்டத்துக்காக மட்டுமா வந்தன? மலிவான நிலமும் அள்ளிக் கொடுத்த வரிச் சலுகையும் கூடவே இருந்தன. எது எவ்வளவு இழுத்தது என்று பிரித்தெடுப்பது கடினம்.

சட்டம் இருந்தால் சங்கமே வராது என்பதும் சரியில்லை. டென்னசியில் 1947 முதல் இந்தச் சட்டம் உண்டு. 2022-ல் மக்கள் வாக்களித்து அதை மாநில அரசமைப்பிலேயே ஏற்றிவிட்டார்கள். அங்கே சட்டனூகா ஃபோக்ஸ்வேகன் ஆலையில் 2014, 2019 ஆகிய இரண்டு தேர்தல்களிலும் தோற்ற வாகனத் தொழிலாளர் சங்கம் 2024 ஏப்ரலில் பெரிய வித்தியாசத்தில் வென்றது. வென்ற சங்கம் ஒவ்வொருவரிடமும் போய்ச் சந்தா கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு, அமெரிக்கர்களிடமே: ‘ரைட் டு ஒர்க் மாநிலம் என்றால் காரணமில்லாமல் வேலையை விட்டு அனுப்பலாம்.’ அது ‘அட்-வில்’ என்ற வேறு கோட்பாடு. ‘விருப்பப்படி நீக்கம்’ எனலாம். அதை விலக்கி, தகுதிக்காண் காலம் முடிந்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்று பொதுச்சட்டம் வைத்திருக்கும் ஒரே மாநிலம் மொன்டானா. அங்கே ரைட் டு ஒர்க் சட்டம் கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வேலை உரிமைச் சட்டம்’ கூடாது, மேலே பார்த்தோம். ‘கட்டாயச் சங்கத் தடைச் சட்டம்’ தெளிவாகத் தெரிகிறது, ஆனால் ‘கட்டாயச் சங்கம்’ என்பது ஒரு தரப்பின் பிரசாரச் சொல். மறுதரப்பைக் கேட்டால் ‘ஓசிச் சவாரிச் சட்டம்’ என்பார்கள். (‘ஓசி’யே கம்பெனி ஆட்சிக் காலத்தில் தபால் தலை இல்லாமல் போன அலுவலகக் கடிதங்களின் முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாக இருக்கிறது.)

என் தேர்வு ‘சந்தா விலக்குச் சட்டம்’. சந்தா பாரசீகத்திலிருந்து வந்தாலும் எந்த ஆலை வாசலிலும் புரியும் சொல். ‘விலக்கு’தான் இங்கே அழகு. வரிவிலக்கில் அது சலுகை, மதுவிலக்கில் தடை. இந்தச் சட்டம் தொழிலாளிக்குச் சந்தாவிலிருந்து சலுகை தருகிறது. ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவைத் தடை செய்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது, எந்தத் தரப்புக்கும் கொடி பிடிக்காமல்.

‘மிச்சிகனில் சந்தா விலக்குச் சட்டம் ரத்து, தொழிற்சங்கங்கள் கொண்டாட்டம்.’ முதல் முறை எழுதும்போது மட்டும் பக்கத்தில் ‘ரைட் டு ஒர்க்’ என்று போட்டுவிடுங்கள்.