நோர்டிக் பனிச்சறுக்கு: சொல்லும் பொருளும்

குளிர்கால ஒலிம்பிக் வந்துவிட்டால் நம் செய்திகளில் எல்லாமே 'பனிச்சறுக்கு' ஆகிவிடுகிறது. மலைச்சரிவில் வளைந்து பாய்வதும் பனிச்சறுக்கு, பனிக்கட்டித் தளத்தில் இசைக்கு ஆடுவதும் பனிச்சறுக்கு, காட்டுப்பாதையில் 50 கிலோமீட்டர் போவதும் பனிச்சறுக்கு. இவற்றில் கடைசியாகச் சொன்னது 'நோர்டிக்' வகை.

நோர்டிக் என்றால் வடபுலத்துக்குரியது. நார்வே, சுவீடன், பின்லாந்து பக்கம். மலைச்சரிவில் பாயும் வகைக்கு ஆல்ப்ஸ் மலையின் பெயரால் 'ஆல்பைன்' என்று பெயர். வித்தியாசம் காலில் இருக்கிறது. ஆல்பைனில் காலணி, காலில் மாட்டும் கருவியோடு முன்னும் பின்னும் இறுகப் பூட்டப்படும். நோர்டிக்கில் நுனிக்கால் மட்டும்தான் பூட்டு, குதிகால் எழும்பும். இந்த இரண்டில், 1924இல் பிரான்சின் சாமொனியில் நடந்த முதல் குளிர்கால ஒலிம்பிக்கில் இருந்தவை நோர்டிக் வகைகளே. ஆல்பைன் 1936இல்தான் உள்ளே வந்தது.

அந்தக் கருவியின் பெயரான 'ஸ்கீ' நார்வே நாட்டுச் சொல். அவர்கள் 'ஷீ' என்பார்கள். மூலப்பொருள், பிளந்தெடுத்த மரத்துண்டு. இதற்கு நம்மிடம் அப்படியே ஒரு சொல் இருக்கிறது: பிளாச்சு. மூங்கிலைப் பிளந்து வேலி அடைத்த தோட்டத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலில் மாட்டும் கருவியைப் பலர் 'சறுக்குப்பலகை' என்று எழுதுகிறார்கள். அது இரண்டு காலையும் ஒன்றில் வைக்கும் 'ஸ்னோபோர்டு'க்குத்தான் பொருந்தும். ஸ்கீக்கு 'சறுக்குப் பிளாச்சு' என்பதே என் தேர்வு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "சார், மேட்டுல ஏறும்போது எப்படி சார் சறுக்கும்?" சரியான கேள்வி. நோர்டிக் பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். பிளாச்சின் நடுப்பகுதி வில்லைப்போல் சற்று மேலே வளைந்திருக்கும். அந்த இடத்தின் அடியில் பிடிமெழுகு தேய்ப்பார்கள். முழு எடையையும் ஒரு காலில் போட்டு உதைத்தால் வளைவு தட்டையாகி, மெழுகு பனியைக் கவ்வும். எடை இரண்டு காலுக்கும் பிரிந்ததும் நடுப்பகுதி எழும்பிவிடும், பிளாச்சு வழுக்கிக்கொண்டு ஓடும். இது 'கிளாசிக்' முறை. இன்னொரு முறையில் பிடிமெழுகே கிடையாது, பிளாச்சைப் பக்கவாட்டில் சாய்த்து உந்துவார்கள். ஆக, சறுக்குவது பாதி, உழைப்பு பாதி.

நோர்டிக்கில் மூன்று பிரிவுகள். முதலாவதான 'கிராஸ் கண்ட்ரி'யைச் சிலர் 'நாடுகடந்த பனிச்சறுக்கு' என்று எழுதுகிறார்கள். நாடு கடத்தப்பட்டவர்கள் ஆடும் ஆட்டமா இது? மலாயில் 'மெரந்தாஸ் டேசா' என்பதை நம் தமிழ்ப்பள்ளிகளில் குறுக்கோட்டம் என்கிறோம். செம்பனைக்குள் புகுந்து ஓடிய பிள்ளைக்குக் 'குறுக்கோட்டப் பனிச்சறுக்கு' என்றால் உடனே புரியும். அதையே பயன்படுத்தலாம்.

இரண்டாவது 'பனிச்சறுக்குத் தாண்டுதல்'. நீளம் தாண்டுதல் நமக்குப் பழக்கம், ஆனால் இங்கே தூரம் மட்டும் போதாது. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 புள்ளி வரை தருவார்கள். மிக உயர்ந்ததும் மிகத் தாழ்ந்ததும் கழிக்கப்படும். ஒரு காலை முன்வைத்து, முழங்கால் மடக்கி, கைகளை விரித்து இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்கு 'டெலிமார்க்' என்று நார்வேயின் ஒரு வட்டாரப் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயர் என்பதால் அதை மொழிபெயர்க்கக் கூடாது. நோர்டிக்கையும் அப்படியே விடலாம். 'வடபுலம்' என்றால் நம் காதுக்கு வட இந்தியா வந்து நிற்கும்.

மூன்றாவது இந்த இரண்டும் சேர்ந்தது. 'நோர்டிக் இணைப்போட்டி' என்று சொல்லலாம். முதலில் தாண்டுதல், அதன் புள்ளி வித்தியாசம் நேரமாக மாற்றப்படும், 15 புள்ளிக்கு ஒரு நிமிடம். முன்னணியில் இருப்பவர் முதலில் கிளம்புவார், மற்றவர்கள் பின்தங்கிய நேரத்துக்கு ஏற்பக் கிளம்புவார்கள். அப்புறம் 10 கிலோமீட்டர் குறுக்கோட்டம். எல்லைக்கோட்டை யார் முதலில் தொடுகிறாரோ அவருக்குத் தங்கம். பெண்களுக்குக் குறுக்கோட்டம் 1952இலும் தாண்டுதல் 2014இலும் ஒலிம்பிக்கில் திறந்தன. இணைப்போட்டி மட்டும் 2026 மிலான் கோர்த்தினாவிலும் ஆண்களுக்கே என்று நின்றது பெரிய அநியாயம்.