20 பேர் வேலை பார்த்தால் குறைதீர்ப்புக் குழு கட்டாயம்

மண்டபம் பக்கம் ஓர் இறால் உரிக்கும் கூடம். 26 பேர் வேலை பார்க்கிறார்கள், 20 பேர் பெண்கள் என்று வைத்துக்கொள்வோம். கிலோ கணக்கில் கூலி. உரித்த இறாலைத் தண்ணீர் வடியவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள். ஒருவருடைய தட்டு மட்டும் அதிக நேரம் வடிந்தால் அவருக்கு எடை குறையும், கூலியும் குறையும். ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போக உரித்தவருக்கு அது சின்னக் குறையா?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இதற்கு வழி சொல்கிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். அதில் முதலாளி, தொழிலாளர் இரு தரப்பிலும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேருக்கு மிகாமல். பெண் தொழிலாளர்களின் விகிதத்துக்குக் குறையாமல் குழுவிலும் பெண்கள் வேண்டும். ஆகவே இந்தக் கூடத்தில் மேஸ்திரிகளை மட்டும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிட முடியாது.

குறை ஏற்பட்ட ஓராண்டுக்குள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் விசாரணை முடிய வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டால்தான் முடிவு செல்லும். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதி, கிலோ, கைக்கு வந்த தொகை மூன்றையும் ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வாருங்கள்.

முடிவில் திருப்தி இல்லையென்றால் 60 நாளுக்குள் சமரச அலுவலரிடம், அதாவது இரு தரப்பையும் பேசவைத்துத் தீர்க்கும் அரசு அதிகாரியிடம், போகலாம். ஆனால் நீங்கள் உறுப்பினராக உள்ள சங்கத்தின் வழியாகத்தான் போக வேண்டும். எல்லோருக்கும் கூலியை உயர்த்தக் கேட்பதற்கும் சங்கம்தான் பலம். இவ்வளவு சிறிய கூடத்தில் ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். பேச்சில் எந்தத் தொகைக்கு இசைந்தாலும், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது செல்லாது.

ஒன்றில் மிகவும் கவனம் வேண்டும். ஆத்திரத்தில் ஒரே நாளில் பாதிப்பேர் சொல்லிவைத்து லீவு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. முன்பு ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டும் கட்டாயமாக இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இப்போது எல்லாத் தொழிலுக்கும் உண்டு. மீறினால் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். முதலாளியும் முன்னறிவிப்பின்றிக் கதவடைப்பு செய்ய முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது கூலி பேசப் போனால், சரக்கே இல்லை என்பார் முதலாளி. கூடத்தில் இறால் குவியும் மாதத்தில் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.