ஏழெட்டு எவ்வளவு?

"மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் எட்டாம் வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள். திடீரென்று ஏழெட்டு எவ்வளவு என்றால் ஒருநாள் 48 என்கிறாள், மறுநாள் 63. கவனக்குறைவா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

இல்லை. 48 ஆறெட்டு, 63 ஏழொன்பது. இரண்டுமே பக்கத்து வீட்டு விடைகள். வாய்ப்பாடு பெரும்பாலும் பாட்டு மாதிரி ஒலியாகத்தான் மனதில் பதிகிறது. அதே எண்கள் திரும்பத் திரும்ப வருவதால், ஒன்றைத் தேடும்போது அதன் அக்கம்பக்கமும் கூடவே எழுந்து வருகிறது. பெரியவர்களும் அவசரத்தில் இப்படித்தான் தடுமாறுகிறார்கள்.

பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டுவது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கண்ணால் பார்க்க, மளிகைக் கடை முட்டை ட்ரே போதும். 30 குழி. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் 5 வரிசை, வரிசைக்கு 6. கால் வட்டம் திருப்பினால் 6 வரிசை, வரிசைக்கு 5. ஒரு முட்டைகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இந்த ஒரு திருப்பலில், 10 வரையிலான 100 பெருக்கல்கள் 55 ஆகச் சுருங்கிவிடுகின்றன. சுலபமான 1, 2, 5, 10 வாய்ப்பாடுகளை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் 21.

சரி, ஏழெட்டுக்கு வருவோம். தரையில் புளியங்கொட்டைகளை வரிசைக்கு 8 வீதம் 7 வரிசை அடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாம் வரிசைக்குக் கீழே ஓர் ஈர்க்குச்சியை வையுங்கள். மேலே ஐயெட்டு 40, கீழே ஈரெட்டு 16. ஆக 56. இனி 48 என்று நாக்கு வழுக்கினாலும், சரியான விடையை அவளே திரும்பக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஈர்க்குச்சிதான், ஏனென்றால் அது இதோடு நிற்பதில்லை. 23-ஐ 14-ஆல் பெருக்க, 23-ஐ 20, 3 என்றும் 14-ஐ 10, 4 என்றும் பிரித்து நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று வைத்தால் நான்கு கட்டங்கள்: 200, 30, 80, 12. மொத்தம் 322. தாளில் பெருக்கும்போது இரண்டாம் வரியை ஓர் இடம் தள்ளி எழுதச் சொல்கிறோமே, அதன் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. அங்கே நாம் எழுதுவது 23 அல்ல, 230.

ஒப்பிப்பதை விடச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை ஒப்பித்தது வீண் வேலை அல்ல. விடை சட்டென்று வந்தால்தான் வகுத்தலும் பின்னமும் சுமையாகாமல் நகரும். ஆனால் முதலில் கொட்டை, அப்புறம் பாட்டு. தயவுசெய்து 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்', அதாவது நடுமூளையைத் தூண்டிவிடுகிறோம் என்று காசு கேட்கும் வகுப்புகளுக்கு மட்டும் குழந்தையை அனுப்பாதீர்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

இன்று மாலை ஆறேழு கேளுங்கள். ஈர்க்குச்சியை எங்கே வைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும்.