டேங்கில் 9, டிஸ்பிளேயில் 90

சர்வீசுக்கு வரும் வாட்டர் லெவல் கன்ட்ரோலர்களில் ஒரு புகார் அடிக்கடி உண்டு: "டேங்க் காலி, ஆனால் டிஸ்பிளே 90 என்கிறது." உடனே சென்சாரை மாற்றிவிடுவார்கள். பல நேரம் சென்சார் நன்றாகவே இருக்கும். கோளாறு, எண்ணை எழுதிய விதத்தில்.

16x2 எல்சிடியில் (வரிக்கு 16 கட்டம், இரண்டு வரி கொண்ட திரை) ஒரு கட்டத்தில் எழுதிய எழுத்து, அதே கட்டத்தில் வேறொன்றை எழுதும் வரை அப்படியே நிற்கும். தண்ணீர் 10 சதவீதம் இருக்கும்போது ‘1’, ‘0’ என்று இரண்டு கட்டங்கள் நிரம்புகின்றன. அடுத்து 9 ஆகிறது. புரோகிராம் அதே இடத்துக்குப் போய் ‘9’ மட்டும் எழுதுகிறது. பக்கத்தில் இருந்த பழைய ‘0’ நகரவில்லை. படிப்பவர் கண்ணுக்கு அது 90. 100-லிருந்து 99-க்கு இறங்கும்போது 990 என்று வரும். அதையாவது பார்த்ததும் சந்தேகப்படுவார்கள். 90-ஐ யார் சந்தேகப்படுவார்கள்?

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம், ஒவ்வொரு சுற்றிலும் திரையையே கிளியர் செய்வது. பழைய எண் போய்விடும், சரி. ஆனால் எழுத்துகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். இந்தத் திரைகளை இயக்கும் ஹிட்டாச்சி எச்டி44780 வகை சிப்பில் ஓர் எழுத்தை எழுத சுமார் 40 மைக்ரோ நொடி போதும். கிளியர் கட்டளைக்கோ ஒன்றரை மில்லி நொடி ஆகும்.

அதற்குப் பதில், எண்ணுக்கு மூன்று கட்டம் என்று ஒதுக்கிவிடுங்கள். 100-க்குக் கீழே என்றால் முன்னால் ஓர் இடைவெளி, 10-க்குக் கீழே என்றால் இரண்டு. இடைவெளியும் ஓர் எழுத்துதான், பழையதை அழித்துவிடும். ஒன்றின் இடம் எப்போதும் ஒரே கட்டத்தில் நிற்பதால் தூரத்திலிருந்து பார்த்தாலும் குழப்பம் வராது.

ஆர்டுயினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று சொல்லும் செட்கர்சர் கட்டளையில் முதலில் நெடுவரிசை (column), பிறகு வரி (row). இரண்டையும் 0-விலிருந்து எண்ண வேண்டும். இரண்டாம் வரியின் தொடக்கம் (0, 1). மாற்றிப் போட்டால் முதல் வரியின் இரண்டாவது கட்டத்தில் எழுதும்.

வரிக்கு 20 கட்டம், நான்கு வரி கொண்ட 20x4 திரையில் இன்னொரு வேடிக்கை. முதல் வரி நிரம்பி வழிந்தால் மிச்சம் இரண்டாம் வரிக்குப் போகாது, மூன்றாம் வரியில் போய் நிற்கும். சிப்பின் நினைவகத்தில் ஒரு வரிசைக்கு 40 இடம். முதல் 20 மேல் வரி, அடுத்த 20 மூன்றாம் வரி. வயரிங்கை நோண்டுவதற்கு முன் வாக்கியத்தின் நீளத்தை எண்ணிப் பாருங்கள்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு பொய் மிச்சமிருக்கும். திரைக்கு அதன் நினைவகம் தனி. புரோகிராமை ஓட்டும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலர் உறைந்துபோனாலும், பவர் இருக்கும்வரை கடைசி எண் பளிச்சென்று தெரியும். சென்சார் வயர் அறுந்து புரோகிராம் புது எண்ணை எழுதாமல் விட்டாலும் அதே கதைதான். அதனால் ரீடிங் கிடைக்காதபோது அந்த மூன்று கட்டங்களிலும் கோடு போட வையுங்கள். வலது மூலைக் கட்டத்தில் ஒரு புள்ளி, நொடிக்கு ஒருமுறை வந்து மறையட்டும். அதை டைமர் இன்டரப்டில் (லூப் நின்றாலும் தனியாக ஓடக்கூடிய பகுதி) போடாமல், புரோகிராம் திரும்பத் திரும்பச் சுற்றும் மெயின் லூப்புக்குள்ளேயே வையுங்கள். லூப் நின்றால் புள்ளியும் நிற்க வேண்டும். கன்ட்ரோலரை மாட்டிக் கொடுக்கும்போது, "அந்தப் புள்ளி மினுக்காவிட்டால் எண்ணை நம்பாதீர்கள், மாடிக்குப் போய்ப் பாருங்கள்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.