தூண்டில் இரைக்கு மண்ணெண்ணெய் எதற்கு?

கொழும்பு வெள்ளவத்தையில் குடும்ப வைத்தியராக இருப்பதால், தூண்டில் போடுகிறவர்களின் கைகளை நிறையப் பார்க்கிறேன். விரலிடுக்கில் வெடிப்பு, உள்ளங்கையில் தோல் உரிவு, நகத்தைச் சுற்றி வீக்கம். என்ன வேலை என்று கேட்டால் வங்கி, கடை, ஓய்வூதியம் என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால்தான் ரயில் பாதையோரக் கற்களும் முகத்துவாரமும் வெளியே வரும். மீன் வரட்டும் என்று இரையில் என்ன பூசுகிறீர்கள் என்று அடுத்துக் கேட்பேன். துருவுக்கு அடிக்கும் டபிள்யூடி-40, மண்ணெண்ணெய், சிலர் டீசல்கூடச் சொல்லியிருக்கிறார்கள். "நான் கையில அடிக்கேல்லை டொக்டர், இரைக்குத்தான் அடிச்சனான்" என்றார் ஒரு பெரியவர். இரையைக் கோர்ப்பதும் அதே கைதான். கடலுக்குப் போவது கொஞ்சம், விரலில் தங்குவது மிச்சம்.

டபிள்யூடி-40 ஸ்பிரேயில் மீன் எண்ணெய் இருக்கிறது, அதனால்தான் மீன் வருகிறது என்ற கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. உண்மை அதுவல்ல. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்தில் ஈரம் தங்கித் துருப்பிடிக்காமல் இருக்கத் தயாரித்த பொருள் அது. பெரும்பாலும் பெற்றோலிய எண்ணெய்தான். மீன் எண்ணெய் இல்லை என்று தயாரிக்கும் நிறுவனமே சொல்கிறது. இரைக்கு அடிக்கச் சொல்லி அவர்கள் பரிந்துரைப்பதும் இல்லை.

மீனுக்கு மூக்கு இருக்கிறது. ஆனால் அது மூச்சு விடும் மூக்கல்ல, நீரில் கரைந்து வருவதை மணப்பதற்கு மட்டுமே. இறால், கணவாய், சூடை போன்றவற்றிலிருந்து கசியும் அமினோ அமிலங்கள் நீரில் கரைந்து நீரோட்டத்தோடு போகும். மிகமிகச் சிறிய அளவிலேயே மீன் அதைக் கண்டுபிடித்துவிடும். மண்ணெண்ணெய் கரையாது; மேலே மிதந்து வானவில் நிறத்தில் பரவும். நமக்கு மூக்கைத் துளைக்கும் வாசனை என்பதற்காக அடியில் நிற்கும் பாரைக்கும் அது சாப்பாட்டு வாசனையாக இருக்க வேண்டும் என்றில்லை.

அப்படியானால் சிலருக்கு மீன் பட்டது எப்படி? அந்த நேரத்து நீரோட்டத்தில் அந்த இரையை மீன் எப்படியும் எடுத்திருக்கும். படாத நாளை யாரும் கதையாகச் சொல்வதில்லை. இன்னொன்றும் இருக்கலாம், கையின் வாசனையை எண்ணெய் மறைத்திருக்கலாம்: 1950களில் கனடாவில், மனிதக் கை கழுவிய நீரை ஆற்றில் விட்டபோது மேலேறிக்கொண்டிருந்த சால்மன் மீன்கள் தயங்கி நின்றன. தோலில் உள்ள செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று பிறகு கண்டார்கள். நம் கடற்கரை மீன்கள் எல்லாம் அப்படியே நடக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கை வாசனைதான் பிரச்சினை என்றால், மணலும் கடல்நீரும் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

சரி, கைக்கு வருவோம். தோலின் மேற்பரப்பில் இயற்கையான கொழுப்பு ஒரு காப்பாக இருக்கிறது. மண்ணெண்ணெய் அதைக் கரைத்து எடுத்துவிடும். தோல் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடிக்கும். அந்த வெடிப்போடு கடல்நீரில் கை வைக்கிறீர்கள், கெளிற்று முள் குத்துகிறது, தூண்டில் முள் ஏறுகிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ இனக் கிருமிகள் உண்டு. ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீரிழிவு அல்லது ஈரல் நோய் உள்ளவருக்கு, முக்கியமாக ஈரல் நோயாளிக்கு, ஒரே நாளில் கை வீங்கிச் சிவந்து, கொப்புளம் போட்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். காய்ச்சலோடு காயம் வேகமாகப் பரவினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்னொரு கிருமி மெதுவாக வேலை செய்யும்: முள் குத்திச் சில வாரம் கழித்து விரலில் ஒரு கட்டி எழும்பும், பிறகு கையில் மேல்நோக்கி வரிசையாக இன்னும் சில. சாதாரண அன்ரிபயோடிக் கேட்காது. மீன் பிடிப்பவர் என்று சொல்லாவிட்டால் வைத்தியருக்கு அது தோன்றவே தோன்றாது. ஆறாத காயத்தோடு யாரிடம் போனாலும் முதல் வார்த்தையாகத் தூண்டில் போடுவதைச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகப் பயம் கையைப் பற்றியல்ல, போத்தலைப் பற்றி. தூண்டில் பைக்குள் வைக்க வசதியென்று மண்ணெண்ணெயைச் சின்னச் சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ ஊற்றிக்கொள்கிறார்கள். 2022 எரிபொருள் வரிசைக் காலத்தில் கிடைத்த போத்தலிலெல்லாம் சேமித்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் போகவில்லை. பை வீட்டு மூலையில் கிடக்கும். விளையாடிக் களைத்து வரும் பிள்ளை மூடியைத் திறந்து ஒரு வாய் குடிக்கும். வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் அதனால் கேடு. விழுங்கும்போது புரைக்கேறி ஒரு சிறு அளவு உள்ளே போனாலே நுரையீரல் அழற்சி வரும். அதனால்தான் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தொண்டையில் விரல் விடுவது, உப்புத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அதே எண்ணெயை இரண்டாம் முறை தொண்டைக்குக் கொண்டு வரும். நனைந்த உடுப்பைக் கழற்றி, தோலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம், இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்கள். ஒரு துளி பூசிய இரையால் மீன் நஞ்சாகிவிடாது. ஆனால் அந்தக் கையாலேயே மீனைக் கழற்றி, அதே பையில் போட்டு, அதே கத்தியால் வெட்டினால் எண்ணெய் நாற்றம் சதையில் ஏறும், சமைத்தாலும் போகாது. கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்தபோது இந்தக் கடற்கரை பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாம். கால்வாய் வாயில் நீர் மந்தமாக நிற்கும் இடத்தில் எண்ணெயோ, பாத்திரம் கழுவும் திரவமோ ஊற்றாதீர்கள். சவர்க்காரம் மீனின் செவுளைப் பாதிக்கும்.

மீனைக் கவரும் பொருள் குசினியிலேயே இருக்கிறது. இறால் தலையையும் தோலையும் எறியாமல் வைத்து, ஒரு துண்டு மாசிக் கருவாட்டோடு உரலில் இடியுங்கள். முதல் நாள் பாணின் நடுப்பகுதியைப் பிய்த்துப் போட்டு, கடல்நீர் தெளித்துப் பிசையுங்கள். நசித்த உள்ளி அல்லது துளி பெருங்காயம் சேர்ப்பவர்களும் உண்டு, கெடுதல் இல்லை. எண்ணெய் மட்டும் சேர்க்காதீர்கள், உருண்டை உடைந்துவிடும். மணலை மீனுக்குப் பாக்களவு உருண்டையே அதிகம், புளியங்கொட்டை அளவு போதும். பாரைக்கும் விளைமீனுக்கும் கணவாயை நீளவாக்கில் கீறி, உப்புத் தூவி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு நீரை இழுத்து இறுக்கிவிடுவதால் முள்ளில் இருந்து லேசில் கழலாது. வீச முன்னர் கடல்நீரில் ஒரு தரம் நனைத்துக்கொள்ளுங்கள்.